பஸ் ஸ்டாண்டுக்குப் போனாளா, இல்லையா

அந்தப் படத்தை எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கேயாவது எதிரில் பார்த்தால் நிறுத்தி வைத்து நாலு வார்த்தை கேட்பேன். வாரம் பூரா ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கிடைக்கிறது. சமைத்து முடித்து, பாத்திரத்தை ஒழித்துப் போட்டுவிட்டு, அக்கடா என்று காலை நீட்டி உட்கார்ந்து ஒரு படம் பார்க்கிறேன். மத்தியானம் பூரா பார்த்தவளைக் கடைசியில் நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார் மனுஷன். என்னை மட்டுமா, லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்ச் சானல் வருகிற அத்தனை வீட்டையும்தான்.

தியேட்டருக்கு வந்த படமில்லை. டிவிக்கென்றே எடுத்த காதல் படம். ஒரு வாரமாக சீரியலுக்கு நடுவே நடுவே துண்டு துண்டாகப் போட்டு ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள். கதை ஒன்றும் பெரிய கதையில்லை. மலையூர் ஒன்றில் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கிற பெண். கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருக்கிறது. நிலம் அளக்க வந்த சர்வேயர் ஒருத்தன், தபால்தலை வாங்குகிற சாக்கில் தினமும் வந்து கவுண்டரில் நிற்கிறான். அவனுக்கு மாற்றல் வருகிறது. என்னோடு வந்துவிடு, கல்யாணம் பண்ணிக்கலாம் என்கிறான். யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள். மறுநாள் காலையில் அவன் பஸ் ஸ்டாண்டில் ரெண்டு டிக்கெட்டோடு காத்திருக்கிறான். அவள் கையில் ஒரு பையோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். ஒரு முக்கு வருகிறது. இந்தப் பக்கம் திரும்பினால் போஸ்ட் ஆபீஸ், அந்தப் பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்ட். அங்கே வந்து நிற்கிறாள். பஸ் ஹாரன் கேட்கிறது. அவள் முகத்தைக் காட்டுகிறார்கள், காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அப்புறம் பேர் ஓட ஆரம்பித்துவிட்டது.

விளம்பரம் போடப்போகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். என் வீட்டுக்காரர் பேர் ஓடி முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். சோப்பு விளம்பரம் வந்தது. அதற்கப்புறம் ஒரு பெண் வந்து மிளகுக் குழம்பு வைப்பது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தாள். "இவ யாரு? அவ எங்க?" என்றார். கீழ் வீட்டு மதுரைக்காரி எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் அவள் புருஷன் எந்நேரமும் ஹிந்திச் செய்திதான் பார்ப்பார் என்பதால், தமிழில் எது பார்ப்பதானாலும் மேலே வந்துவிடுவாள். கையிலிருந்த பட்டாணியைத் தட்டில் வீசிவிட்டு, "இதுக்காக்கா நான் துணியைக்கூட மாடியில இருந்து எடுக்காம உக்காந்திருந்தேன்?" என்று என்னைக் கேட்டாள். நானா எடுத்தேன் படத்தை.

என் பெண்தான் கடைசியாக வாயைத் திறந்தாள். அவள் டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் புரியும், பேசுவாள், படிக்கச் சொன்னால் முகம் சுருங்கும். "அம்மா, க்யா ஹுவா? அவ போனாளா, இல்லையா?" என்றாள். தெரியாது என்றேன். "தெரியாதுன்னா என்ன அர்த்தம்?" என்று அவள் கேட்டது படத்தைப் பற்றி மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தார்கள். கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸில் இருக்கிற குடும்பம். பையனுடைய அப்பா இன்னும் சர்வீஸில் இருக்கிறார், பையனுக்குக் குர்கானில் வேலை. எங்கள் இனம்தான், ஆனால் அவர்கள் ஈரோட்டுப் பக்கம், நாங்கள் மாயவரத்துப் பக்கம். ஊரில் இருந்தால் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தம் பண்ணியிருப்போமா என்பது சந்தேகம். டெல்லியில் ஜாதகம் பொருந்தி, பையனும் ஒழுங்கானவனாக இருந்துவிட்டால் அதற்கு மேல் யார் பார்க்கிறார்கள். அந்தப் பையனுடைய அம்மாவும் நானும் ஒரே வாட்ஸப் குரூப்பில் இருக்கிறோம், கோயிலுக்கு வருகிற தமிழ்ப் பெண்கள் வைத்திருக்கிற குரூப். அது வழியாகத்தான் பேச்சே வந்தது.

என் பெண்ணுக்கு முப்பது ஆகப்போகிறது. இதுவரை வந்த பையன்களைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஒருத்தன் கார் பற்றியே பேசினான், ஒருத்தன் அவன் அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் பேசினான், ஒருத்தன் பேசவே இல்லை. இந்தப் பையன் போன பிறகு எப்படி என்று கேட்டேன். "டீக் ஹை" என்றாள், பரவாயில்லை என்கிற மாதிரி. அவ்வளவுதான். அவளைப் பெற்றவளுக்குத்தான் தெரியும் அந்த டீக் ஹையின் எடை. அதற்கு அடுத்த வாரம், "கோயமுத்தூர், ஈரோடு பக்கமெல்லாம் ஏன் எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போடறாங்க?" என்று கேட்டாள். ஆபீஸிலிருந்து வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ச் சீரியல் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு இல்லை. ஆமாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. ஒருநாள் ரெண்டு நாள் என்று பார்த்து, வாரம் போய், இன்னொரு வாரம் போய், கோயிலில் அந்த அம்மாவைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். நாமாகக் கேட்க முடியுமா? பெண்ணைப் பெற்றவர்கள் போன் பண்ணி என்ன ஆச்சு என்று கேட்டால், அதைவிடக் கேவலம் உண்டா? என் வீட்டுக்காரருக்கு இதில் கௌரவம் ஒருபடி கூட. பி.எஸ்.யூவில் இருந்து ரிட்டயர் ஆகி, இப்போது என் பேரில் இருக்கிற குவார்ட்டர்ஸில் குடியிருக்கிற கடுப்பெல்லாம் சேர்ந்து, "தேவைன்னா அவங்களே வருவாங்க" என்று உட்கார்ந்துவிட்டார். பெண்ணும் பையனும் போன் நம்பர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று அவன் ஒரு மெசேஜ் போட்டான். இவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற ஒரு படத்தைப் போட்டாள். அதோடு சரி. அவன்தானே அடுத்து கேட்கணும் என்று இவள், இவள்தானே என்று அவன். படித்த பிள்ளைகள்.

சரி, படத்துக்கு வருகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் குரூப்பில் வந்த மெசேஜ்களைப் படித்தால் யாருக்கும் தலை சுற்றும். சானலுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை என்று ஒருத்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பாகம் வருகிறது என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள், யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நம்ம வீட்டில் மட்டும் கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன் என்று ஒருத்தி. இதுவாவது பரவாயில்லை. டெல்லிக்காரர்கள் இல்லையா, கொஞ்ச நேரத்தில் அவரவர் வீட்டு ஆம்பிளைகளும் சேர்ந்துகொண்டார்கள். போஸ்ட் ஆபீஸ் என்றால் சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை, அதை விட்டுவிட்டு ஒரு சர்வேயரை நம்பி எவளாவது போவாளா என்று ஒரு கட்சி. எதற்கு விடணும், கல்யாணம் பண்ணிக்கொண்டு ஸ்பௌஸ் கிரவுண்டில் புருஷன் ஊருக்கே டிரான்ஸ்பர் கேட்கலாமே என்று இன்னொரு கட்சி. அவன் ஸ்டேட், இவள் சென்ட்ரல், அவ்வளவு சுலபமில்லை என்று அதற்குப் பதில். அண்டர் செகரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர், மனைவி போனிலிருந்து, இந்த மாதிரி கேஸில் என்ன விதி, எந்தப் படிவம் என்று பாரா பாராவாக எழுதினார். அந்தப் பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்ததா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அங்கே ஒருத்தி முக்கில் நிற்கிறாள், இவர்கள் அவளுக்கு பென்ஷன் கணக்குப் போடுகிறார்கள்.

என் வீட்டுக்காரர் அத்தனையையும் சத்தமாக வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார், என் போனிலிருந்து. மதுரைக்காரி துணியை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பவும் வந்திருந்தாள். என் பெண் சாப்பாட்டு மேஜையில் லாப்டாப்போடு இருந்தாள். அப்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. யாருடையது என்று பார்க்காமல் அவர் அழுத்திவிட்டார். பையனுடைய அம்மாவின் குரல் எங்கள் ஹாலில் கணீரென்று கேட்டது.

"எனக்கு மனசே ஆறலீங்க. எல்லாரும் அந்தப் புள்ளை முக்குல நிக்குதேன்னு பேசறீங்க. அங்க ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு டிக்கெட்டை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருக்கானே, அவனை யாரும் நெனச்சுப் பாக்கலீங்களே. வர்றதுன்னா வர்றேன்னு சொல்லோணும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லோணும். ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க கேடு. காத்துக்கிட்டிருக்கறவங்க மனசு என்ன பாடுபடும்னு கொஞ்சம்கூடத் தெரிய வேண்டாமுங்களா."

அவ்வளவுதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "இவங்க பேசறாங்களா நியாயம்? இவங்களா? ஒரு மாசமா என் பொண்ணை நிக்க வெச்சுட்டு, டிவியில வர்ற சர்வேயருக்காக அழறாங்களா?" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் பெண் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. அவள் லாப்டாப்பை மூடினாள். "அம்மா, சோடோ நா, விடு" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த பால்கனியில்தான் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவளும் அவனும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். 

மதுரைக்காரி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, நான் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை மயூர் விஹார்ல ஒரு பொண்ணைப் பாக்கப் போறாங்களாம். கோயில்ல பேசிக்கிட்டாங்க."

"போகட்டும். நல்லாப் போகட்டும். இங்க வந்து உக்காந்து, ஒண்ணுக்கு ரெண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போனாங்களே, அதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?" என்றேன்.

"என்னது, சாப்பிட்டாங்களா?"

"ஆமா."

"பலகாரம் காபிதானே?"

"இல்லை, சாப்பாடு. சோறு, சாம்பார், எல்லாந்தான்."

அவள் என்னையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சோத்துல கையை நனைச்சுட்டாங்களா? கையை நனைச்சுட்டுப் போனவங்களையாக்கா நீங்க இன்னும் பதில் சொல்லலைன்னு திட்டிக்கிட்டிருக்கீங்க?"

அப்புறம் அவள் சொன்னது இது. அவர்கள் பக்கத்திலும், அந்த ஈரோட்டுப் பக்கத்திலும், பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடிப்பார்கள், பலகாரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். சோற்றில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றால் சம்மதம் என்று பொருள். வாயால் வேறு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் பெண் வீட்டார் போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தால் முடிந்தது, நாள் குறிக்கலாம்.

எங்கள் பக்கம் இப்படி எதுவும் கிடையாது. வந்தவர்களுக்குப் பசித்தால் இலை போடுவோம், சாப்பிட்டுவிட்டுப் போய் "சொல்லி அனுப்பறோம்" என்பார்கள், அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்போம்.

அன்றைக்கு நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தது. காலையில் வந்தவர்கள் கேசரியும் காபியும் சாப்பிட்டுக் கிளம்பியிருக்க வேண்டியது. பால்கனியில் அந்த ரெண்டும் பேசிக்கொண்டே இருந்தன. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பெரிய மனுஷத்தனமாக, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். நான் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் சமைத்து வைத்திருந்தேன், மனசுக்குள் அவரைத் திட்டினேன். அந்த அம்மா தன் புருஷனைப் பார்த்தார்கள். அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். ரெண்டு பேருமாக பால்கனிப் பக்கம் பார்த்தார்கள். அங்கே என் பெண் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சரிங்க, சாப்பிடறோமுங்க" என்று அந்த அம்மா எழுந்து போய்க் கை கழுவினார்கள். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன் நான். சாம்பாரில் தண்ணீர் விட்டேன், என் வீட்டுக்காரரைத் தயிர் வாங்க மார்க்கெட்டுக்கு விரட்டினேன். என் பெண் வழக்கம்போல ஸ்பூனை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். வந்தவர்கள் முன்னால் என்ன இது என்று அவளை முறைத்தேன். அவள் சின்ன வயசிலிருந்தே கையால் சாப்பிட மாட்டாள், அதில் எனக்கும் அவளுக்கும் தினப்படி சண்டை.

கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க வந்தாச்சு, சாப்பிட்டாச்சுங்க. இனி நீங்கதான் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரோணும்" என்றார்கள். "அதுக்கென்ன, கண்டிப்பா வரோம்" என்றேன், பஸ்ஸில் பார்த்தவளிடம் சொல்கிற மாதிரி. பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "நாங்களும் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்று ஒரு போடு போட்டார். நாங்கள் ஒன்றும் அலையவில்லை என்று காட்டிக்கொள்கிறாராம்.

இப்போது யார் யாரை நிற்க வைத்தது என்று பாருங்கள். அந்த அம்மா நல்ல வாய் நிறைய, வயிறு நிறைய சம்மதம் சொல்லிவிட்டுப் போய், மகனோடு ஒரு மாசமாகக் காத்திருந்திருக்கிறார்கள். நாங்கள் கலந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறோம். அந்த வாய்ஸ் மெசேஜ் யாருக்காக என்று இப்போது புரிந்தது. என் முகத்தில் யாரோ தண்ணீரை அடித்த மாதிரி இருந்தது.

"உடனே போன் பண்ணுங்க" என்றேன். "எப்படிப் பண்றது? இத்தனை நாள் கழிச்சு என்னன்னு சொல்றது? ஒரு நல்ல நாள் பாத்து…" என்று இழுத்தார் என் வீட்டுக்காரர். நல்ல நாள் பார்ப்பதற்குள் மயூர் விஹாரில் இலை போட்டுவிடுவார்கள் என்று மதுரைக்காரி சொன்னாள். அவரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே போனைப் பிடுங்கி அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

எடுத்தார்கள். என்ன சொல்வது என்று யோசிக்காமல் போட்டுவிட்டேன். "நாங்க உங்க வீட்டுக்கு வரலாம்னு இருக்கோம்" என்றேன். 

"வாங்க. வியாழக்கிழமை கவர்ன்மென்ட் லீவுதானுங்களே, மத்தியானம் மூணு மணிக்கு மேல வாங்க. காபி சாப்பிட்டுப் போலாம்" என்றார்கள்.

அரை மணி நேரம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் நல்ல மனுஷி என்று நினைத்திருப்பேன். இப்போது காபி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டதே. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. என் பெண் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, மதுரைக்காரியின் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். "நானும் வரேன்" என்றாள். பெண் போகிற வழக்கம் கிடையாது, பெரியவர்கள்தான் போக வேண்டும் என்றேன். "நீங்க பெரியவங்கதான் ஒரு மாசமா பேசினீங்களே" என்றாள். 

வியாழக்கிழமை கிளம்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெற்றிலை பாக்குத் தட்டோடு போனால் ரொம்ப ஆசைப்படுகிற மாதிரி இருக்கும், வெறும் கையோடு போனால் மதிக்காத மாதிரி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் கின்னோ ஆரஞ்சுப் பழத்தை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டோம், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஆட்டோவில் என் பெண் துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு இதில் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. பயமாக இருந்தது.

அந்த அம்மா கதவைத் திறந்து, எங்கள் பின்னால் என் பெண்ணைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார்கள். வாங்க என்றார்கள். உட்கார வைத்தார்கள். பையன் உள் அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான், குரல் கேட்டது. காபியும் மிக்ஸரும் வந்தன. குளிரைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் சரியாக வருகிறதா என்று பேசினோம். ஒருத்தருக்கும் விஷயத்துக்கு வரத் தைரியமில்லை. என் வீட்டுக்காரர், வேறு ஒன்றும் கிடைக்காத மாதிரி, "அந்தப் படம் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தார். பையனுடைய அப்பா உயிர் வந்தவர் போல நிமிர்ந்து, "அந்தப் பொண்ணு ஸ்பௌஸ் கிரவுண்டுல…" என்றார். ரெண்டு ஆம்பிளைகளும் டிரான்ஸ்பர் விதிகளுக்குள் இறங்கிவிட்டார்கள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த அம்மா கையிலிருந்த தம்ளரையே பார்த்துக்கொண்டு, என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்கள். "வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட, அவன் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போயிருப்பானுங்க."

"எங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க சாப்பிட்டதுக்கு அதுதான் அர்த்தம்னு சத்தியமா எங்களுக்குத் தெரியாது. எங்க பக்கம் அந்த வழக்கமே கிடையாது" என்றேன். 

"தெரியாதுங்களா" என்றார்கள். நம்பவில்லை. ஒரு மாசம் கழித்து வந்து தெரியாது என்றால் நான்தான் நம்புவேனா? "ஞாயித்துக்கிழமை ஒரு இடத்துக்கு வர்றதாச் சொல்லிட்டோமுங்க. சொன்ன வாக்கு…" என்று அவர்கள் ஆரம்பிக்கும்போது என் பெண் காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். அவள் அதைத் தொடவே இல்லை.

"ஆன்ட்டி, எனக்குப் பசிக்குது. சாதம் இருக்கா?"

ஸ்பௌஸ் கிரவுண்ட் பாதியில் நின்றது. என் வீட்டுக்காரர் திரும்பி, "வீட்டுல இப்பத்தானேம்மா சாப்பிட்டே?" என்றார். அவர் காலை நான் மிதித்த மிதியில் அவருக்கு ரெண்டு நாள் வலி இருந்தது.

அந்த அம்மா அவளையே பார்த்தார்கள். என் பெண்ணும் கண்ணை எடுக்கவில்லை. முகம் சிவந்திருந்தது, ஆனால் எடுக்கவில்லை. உள் அறையில் மீட்டிங் குரல் நின்றுபோயிருந்தது. கதவருகில் பையன் வந்து நின்றிருந்தான். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. அவன் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய் ஒரு தட்டும் குக்கரும் எடுத்துவந்து மேஜையில் வைத்தான்.

"சாம்பார் தீந்து போச்சே. ரசந்தான் இருக்குது" என்றார்கள் அந்த அம்மா. குரல் மாறியிருந்தது.

"ரசம் டீக் ஹை, ஆன்ட்டி" என்றாள்.

சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினார்கள். பையன் அவளுக்கென்று ஒரு ஸ்பூன் கொண்டுவந்து தட்டில் வைத்தான். எங்கள் வீட்டில் அவள் சாப்பிட்டதைப் பார்த்து ஞாபகம் வைத்திருக்கிறான். அவள் அந்த ஸ்பூனை எடுத்து மேஜையில் ஓரமாக வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சோற்றுக்குள் கையை விட்டுப் பிசைந்தாள், பிசையத் தெரியாமல் மணிக்கட்டு வரை ரசம் ஒழுகியது. எடுத்து வாயில் வைத்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பையனுடைய அம்மா கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தார்கள். "காரம் ஜாஸ்தியா கண்ணு?" என்று கேட்டார்கள். இவள் இல்லை என்று தலையை ஆட்டினாள், வாய் நிறையச் சோறு.

பையன் இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கும் போடும்மா என்றான். நாங்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் அவன் வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவினான் என்று அந்த அம்மா பிற்பாடு சொன்னார்கள்.